கோட்டில் ஒட்டிய ராணி வாசம்

ராகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பள்ளியில் நான் வாத்தியாராக இருந்தபோது, அங்கே கொழுந்து பறிப்பவர்களை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளை ஒருவர் இருந்தார். குச்சி போன்ற உடம்பு, முழங்கால்வரை தொங்கும் கறுப்புக் கோட்டு. வீட்டுக்குப் பின்னால் பெட்டியில் தேனீ வளர்த்தார்.

ஒரு நாள் தேனீக்கள் கிளம்பிப்போய்ப் பள்ளிக்கூடத்துப் பேரிக்காய் மரத்தில் தொங்கின. அவர் ராணியைத் தீப்பெட்டியில் பிடித்து, கோட்டுப் பையில் வைத்துக்கொண்டுபோய்த் தேனீப் பெட்டியில் விட்டார். மற்றவற்றைப் பிடிக்கத் திரும்பி வந்தபோது, கூட்டம் முழுக்க அவர் கோட்டுப் பையில் அப்பிக்கொண்டது.

நான் பதறிப்போனேன்.

"பயப்படாதீங்க சார். ராணி வாசம் பையில ஒட்டியிருக்கு. அவ உள்ள இல்லங்கிறது இதுகளுக்குத் தெரியல. அந்த வாசம் இருக்குறவரைக்கும் இந்த வேலக்காரத் தேனீக தானா முட்ட வைக்காது, பேசாம வேலயப் பாக்கும்" என்றார்.

மெல்ல நடந்துபோய்க் கோட்டைக் கழற்றிப் பெட்டி வாசலில் விரித்தார். தேனீக்கள் ஊர்வலமாக உள்ளே போயின.

மறுநாள் காலை, வேலை பிரிக்கும் பெரட்டுக்கு வெறும் சட்டையோடு வந்தார். கொழுந்து பறிக்கும் பெண்கள் பேச்சை நிறுத்தவே இல்லை.

"கோட்டத் தொவைக்கப் போட்டுட்டீங்களாய்யா?" என்று ஒருத்தி கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள்.

அடுத்த நாள் கோட்டோடு வந்தார். பெண்கள் வாயை மூடிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். தூரத்தில் நின்ற என்னைக் கண்டதும் அவசரமாகப் பொத்தான்களைப் போட்டுக்கொண்டார். வெட்கமா, குளிரா என்று எனக்கு இன்றும் தெரியவில்லை.