மணல் காய்ந்த நான்ஸ்டிக் சட்டி

நான்ஸ்டிக் சட்டியின் கருப்புப் பூச்சு வயிற்றுக்குள் போனால் குடலில் ஒட்டிக்கொள்ளும் என்று மனதார நம்பியவன் நான். எதுவும் ஒட்டக் கூடாது என்றுதான் அந்தப் பூச்சையே பூசுகிறார்கள் என்பது அன்றைக்கு உறைக்கவில்லை.

பாகூர்ப் பக்கம் நாங்கள் மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, மணல் போட்டுத்தான் வறுப்போம். கனக்கிறது என்று பழைய இரும்புச் சட்டியைத் தள்ளிவிட்டு, புது நான்ஸ்டிக் சட்டியில் மணலைக் கொட்டிக் கிண்டினேன். முதல் ஈடு பருப்பைச் சலித்துத் தின்றுகொண்டிருந்தபோதுதான் அதில் கருப்புத் துகள்களைப் பார்த்தேன். சட்டி சொட்டையாகியிருந்தது.

"செல்வி, என் கதை முடிஞ்சிதுடி!"

கூண்டில் தன் லவ் பேர்ட்ஸ் இரண்டுக்கும் தினை வைத்துக்கொண்டிருந்த மனைவி ஓடிவந்தாள். "இன்னாங்க ஆச்சி?"

"சட்டியைத் தின்னுட்டேன்!"

வீட்டைப் பூட்டிக்கொண்டு ஸ்கூட்டியில் அரியூர் ஆஸ்பத்திரிக்குப் பறந்தோம். வழியெல்லாம் என் கருமாதிச் சாப்பாட்டுக்கு வடை வேண்டும் என்று சொல்லிக்கொண்டே போனேன்.

டாக்டர் சிரித்தார். "நாளைக்குக் காலையில தானா வெளிய வந்துடும், பெரியவரே."

பெரியவரே என்றதுதான் அன்றைக்கு எனக்குப் பட்ட ஒரே காயம் என்று சிரித்துக்கொண்டே வந்து கதவைத் திறந்தேன். வீடெல்லாம் காந்தல் நெடி.

இப்போது கனமான இரும்புச் சட்டிதான். என் காலத்துக்குப் பிறகும் அது இருக்கும். செல்வி மட்டும் அடுப்பங்கரையில் என்னோடு பேசுவதில்லை.

துகள் என்னை ஒன்றும் செய்யவில்லை. இரண்டாம் ஈட்டுக்கு மணல் காய வைத்த அடுப்பை அணைக்காமல் ஓடியிருந்தேன். அந்தப் பூச்சு கருகிய புகையில், கூண்டிலிருந்த இரண்டும் செத்துக் கிடந்தன.