பாசி மீனுக்கும் பசிக்கும்

மற்ற மீன் தீனி விற்கிறவர்கள் தீனியை மட்டும் விற்றால் போதும். நான் முதலில், அந்த மீனுக்கும் பசிக்கும் என்பதை விற்க வேண்டும்.

மீன் தொட்டி வைத்திருக்கும் சக பாவிகளே, உங்களுக்குத் தெரியாததா? கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு கறுப்பாகத் தொங்குமே, அந்த மீனைத்தான் சொல்கிறேன். கடைக்காரர் 'பிளெக்கோ' என்பார். மலாய்க்காரர்கள் 'பண்டாராயா' என்பார்கள், நகராட்சி மீன் என்று அர்த்தம். பேர் வைக்கும்போதே கையில் துடைப்பத்தைக் கொடுத்துவிட்டார்கள். பாசியைத் தின்னும், தொட்டியைச் சுத்தமாக வைக்கும், தனியாக எதுவும் போட வேண்டாம் என்று நம்பித்தான் எல்லாரும் வாங்குகிறோம். பாசி தீர்ந்த பிறகு அது எதைத் தின்னும் என்று யாரும் யோசிப்பதில்லை. வயிறு ஒட்டிப்போய் ஒரு நாள் மல்லாந்து கிடக்கும்போதுதான் யோசிக்கிறோம்.

நான் கொஞ்சம் முன்னாலேயே யோசித்தேன். கிறிஸ்மஸ் முடிந்த கையோடு, சரக்கு அனுப்பும் அலுவலகத்தில் எனக்கிருந்த வேலை போன சமயம் அது. கீரை, பச்சைப் பட்டாணி, சுரைக்காய், கொஞ்சம் பூண்டு, ஸ்பைருலினா என்கிற பாசிப் பொடி எல்லாவற்றையும் அரைத்து, காய்ச்சிய அகர் அகரில் கலந்து உறைய வைத்தேன். என் பண்டாராயா தின்றது. தோழி வீட்டு மீனும் தின்றது. புக்கிட் பாஞ்சாங்கில் எங்கள் வீட்டு அடுப்படியிலேயே தொழில் ஆரம்பமானது. என் வீட்டுக்காரர் அந்தோணி லிஃப்ட் பழுது பார்ப்பவர். எல்லாவற்றுக்கும் ஒரு கெடு வைத்துத்தான் அவருக்குப் பழக்கம். அவர் சொன்னது இதுதான்: "அடுத்த கிறிஸ்மஸுக்குள்ள ஒரு கடையாவது உன் தீனிப் பொட்டியை வாங்கி வைக்கணும் ஸ்டெல்லா. இல்லாட்டி ஃப்ரீசரைக் காலி பண்ணிட்டு பழையபடி ஆஃபீஸ் வேலை தேடு."

சரி என்றேன். கடை கிடைக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

வேலை செய்கிற மீன்

ஆன்லைனில் பார்த்துவிட்டு கேலாங்கிலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். மனைவிதான் வாங்க வந்தவர். கணவர் வாசலிலேயே நின்று, "இது கிளீனிங் மீன் லா, இதுக்குப் போய் சாப்பாடா?" என்று என்னைக் கேலி செய்தார். நானும் கீரை, பட்டாணி என்று பொறுமையாக விளக்கிப் பார்த்தேன். "பாசி தின்னுதுல்ல, அது போதாதா?" என்றார் மறுபடியும். அவர் ஒரு கையில் பொரித்த வாழைப்பழம் வைத்திருந்தார், சூடாக.

அந்த அம்மா என் கையிலிருந்த டப்பாவை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு, அவர் பக்கம் திரும்பாமலே என்னிடம் சொன்னார்: "விடுங்கக்கா. வேலை செய்றவங்களுக்குப் பசிக்காதுன்னு இவருக்கு நினைப்பு. என்னைக் கட்டின நாள்லேர்ந்து அப்படித்தான்."

விரத மீன்

டோபி காட் பக்கமிருந்து ஒரு அம்மா ஃபோன் செய்தார். தைப்பூசத்துக்கு மகன் காவடி எடுக்கிறானாம், வீடு முழுக்க விரதமாம். "உங்க ஜெல்லுல ஜெலட்டின் இருக்கா? மாட்டெலும்பு, பன்னித்தோலு எதுவும் எங்க ஃப்ரிட்ஜுக்குள்ள வரக்கூடாது" என்றார். இல்லவே இல்லை, கடற்பாசியில் எடுக்கிற அகர் அகர்தான் என்றேன். சத்தியமாகச் சொல்கிறேன், நான் பக்தியினால் ஜெலட்டினை விடவில்லை. நம் ஊர் வெக்கையில் தொட்டித் தண்ணீரில் ஜெலட்டின் இளகிக் கரைந்துவிடும், அதனால் விட்டேன். ஆனால் அந்த விளக்கம் அவருக்குத் தேவைப்படவில்லை.

இறால் உண்டா, கருவாட்டுப் பொடி உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, எதுவும் இல்லை என்று உறுதியான பிறகு நிம்மதியாகப் பெருமூச்சு விட்டார்: "அப்பாடா. இப்ப எங்க வீட்டுல என் வீட்டுக்காரரைத் தவிர எல்லாரும் விரதம், மீன் உட்பட."

ஜெபக்கூட்டத்துப் பலகாரம்

எங்கள் மாதா கோயிலின் அக்கம்பக்கக் குடும்பங்கள் சேர்ந்த அன்பியத்தின் ஜெபக்கூட்டம் அந்த மாதம் எங்கள் வீட்டில். பண்டிகைக்கு அகர் அகர் இனிப்பு செய்தால் நெளிநெளிக் கத்தியால் டைமண்ட் டைமண்டாக வெட்டித்தான் எனக்குக் கை பழக்கம். மீன் தீனியையும் அதே கத்தியால் அதே மாதிரிதான் வெட்டுவேன். தட்டில் அடுக்கினால் பச்சைப் பசேலென்று பாண்டான் இலைச் சாறு விட்ட அகர் அகரேதான். நான் காப்பி கலக்கிக்கொண்டிருந்தபோது அந்தோணி உதவுகிறேன் பேர்வழி என்று ஃப்ரிட்ஜைத் திறந்து, கைக்கு வந்த தட்டைக் கொண்டுபோய்க் கூடத்தில் வைத்துவிட்டார்.

நான் ஓடி வருவதற்குள் பக்கத்து புளோக் ரோஸ்மேரி ஆன்ட்டி ஒரு துண்டை முடித்திருந்தார். நான் தட்டைப் பிடுங்கப் போனேன். அவரோ நிதானமாக வாயைத் துடைத்துக்கொண்டார்: "பூண்டு வாசம் தூக்கலா இருக்கு, இனிப்பே இல்ல. என் சுகருக்கு இதான் நல்லது, இன்னொண்ணு குடு."

மாப்பிள்ளை

தேக்காவில் ஒரு சந்துக்குள் குணா அண்ணனுக்கு வளர்ப்பு மீன் கடை, ஓரத்தில் ஐஸ்கிரீம் விற்க ஒரு ஃப்ரீசரும் உண்டு. கடைக்கு நடுவே பெரிய தொட்டி, அதில் முழங்கை நீளத்துக்கு ஒரு பண்டாராயா. பேர் மாப்பிள்ளை. கடை திறந்த நாளிலிருந்து கூட இருக்கிறதாம். பக்கத்துக் கடைக்குப் பூ வாங்க வருகிற பிள்ளைகள்கூட அதைப் பார்த்துவிட்டுத்தான் போவார்கள். தொட்டி பழசாகிவிட்டதென்று அண்ணன் புதுத் தொட்டி வாங்கி மாற்றியிருக்கிறார். பழைய தொட்டியில் பாசி படிந்த மரக்கட்டை கிடந்தது. புதியதில் எல்லாம் பளபளவென்று இருந்தது. அன்றிலிருந்து மாப்பிள்ளை எதையும் தொடவில்லை. வயிறு குழி விழுந்திருந்தது. அண்ணன் அதைக் காட்டும்போது அவர் குரலே இறங்கிப்போனது.

"இவன் சாப்பிட்டா உங்க பொட்டி என் கடையில இருக்கும், தங்கச்சி" என்றார். எனக்கு வேறென்ன வேண்டும்? டைமண்ட் துண்டுகளை அள்ளிப் போட்டேன். மோட்டார் தள்ளுகிற தண்ணீரில் துண்டுகள் உருண்டு ஓடின. மாப்பிள்ளை ஒன்றின் மேல் வாயை வைத்தது. துண்டு வழுக்கிக்கொண்டு போனது. இன்னொரு முறை வைத்தது, அதுவும் போனது. பிறகு ஒரு மூலைக்குப் போய் வெறும் கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு, ஒன்றுமில்லாததைச் சுரண்ட ஆரம்பித்தது. வார இறுதி வரை தினமும் புதுத் துண்டு போட்டுப் பார்த்தார் அண்ணன். கடைசியில் டப்பாவை மூடி என் கையில் திருப்பிக் கொடுத்தார்: "பலகாரம் ரொம்ப அழகா இருக்கு, தங்கச்சி. சாப்பிட வேண்டியவனுக்குத்தான் பிடிக்கல."

தட்டு

கிறிஸ்மஸ் நட்சத்திரங்கள் புளோக் முழுக்கத் தொங்க ஆரம்பித்துவிட்டன. வீட்டுக்கு வந்து கோபத்தில் பாத்திரம் கழுவினேன். தீனி காய்ச்சிய சட்டியில் அடியில் ஒட்டிக் காய்ந்திருந்ததைக் கரண்டியால் சுரண்டிக்கொண்டே இருந்தேன். சுரண்டிய கை அப்படியே நின்றது. இந்த மீன் கடிக்கிற மீனே இல்லையே, சுரண்டுகிற மீனாச்சே! ஒட்டிக்கொண்டு கிடப்பதைத்தான் அது தின்னும். வீட்டுச் சின்னத் தொட்டிகளில் தண்ணீர் அவ்வளவாக ஓடாததால் துண்டு கிடந்த இடத்திலேயே கிடந்தது, அதனால்தான் எனக்கு இது தெரியாமல் போயிற்று. நான் விருந்தாளிக்கு வெட்டுவதுபோல் அழகாக வெட்டி, அது வாய் வைக்க முடியாதபடி செய்திருக்கிறேன். என் தீனியில் ஒரு குறையும் இல்லை. குறையெல்லாம் அந்த நெளிநெளிக் கத்தியில்தான்.

கழிவறையைப் புதுப்பித்தபோது மிஞ்சிய டைல்ஸ் கட்டிலுக்கடியில் கிடந்தது. ஒன்றை எடுத்துத் தேய்த்துக் கழுவி, வெந்நீரில் போட்டு எடுத்து, சொரசொரப்பான பின்பக்கத்தில் சூடான தீனியை ஊற்றி உறைய விட்டேன். கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. கவிழ்த்தாலும் விழவில்லை. தண்ணீர் குடிக்க வந்த அந்தோணி அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்: "டாய்லெட் டைல்ஸ்ல சாப்பாடா? ரோஸ்மேரி ஆன்ட்டி கண்ணுல மட்டும் படாம வை."

மாப்பிள்ளை விருந்து

குணா அண்ணன் கடைக்குப் போய் டைல்ஸைத் தொட்டியின் அடியில் படுக்க வைத்தேன். கூச்ச சுபாவமுள்ள மீன் என்பதால் தொட்டியைத் துணி போட்டு மூடிவிட்டு வந்தோம். மறுநாள் காலை நான் போனபோது துணி எடுத்தாகிவிட்டது. அண்ணன் தொட்டியின் முன்னால் குந்தி உட்கார்ந்திருந்தார், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கிட்டே போய்ப் பார்த்தேன். டைல்ஸின் முக்கால்வாசி வெறுமையாக, வெள்ளையாகத் தெரிந்தது. ஓரத்தில் மிச்சமிருந்த பச்சையின் மேல் மாப்பிள்ளை படுத்துக்கொண்டு வாயை அசைத்துக்கொண்டிருந்தது. தொட்டி முழுக்கப் பச்சைப் பச்சையாக நூல் நூலாக அதன் கழிவு. என் வாழ்க்கையில் எந்தக் கழிவையும் பார்த்து நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. கண் கலங்கிவிட்டது என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அண்ணனும் மூக்கை உறிஞ்சிக்கொண்டுதான் எழுந்தார். ஃப்ரீசர் கதவைத் திறந்து, ஐஸ்கிரீமையெல்லாம் ஒரு பக்கமாகத் தள்ளி இடம் ஒதுக்கினார்: "பொட்டியைக் கொண்டாங்க, தங்கச்சி. டைல்ஸோட கொண்டாங்க. மாப்பிள்ளைக்கு இனிமே தட்டு வச்சாத்தான் சாப்பாடு எறங்கும் லா."

துடைப்பத்தோடு பிறந்தது என்று ஊரே நம்புகிற ஒரு ஜீவனுக்குத் தட்டு வைத்துப் பரிமாறுவதுதான் இப்போது என் தொழில். அந்த டைல்ஸ் தட்டுகளை அளவாக வெட்டித் தருகிறவர், கெடு வைத்த அதே அந்தோணி.