இராஜம்மாவின் உயிர்க்கற்கள்

காஜாங்கில் தங்கைக்குப் பிரசவம் பார்க்கப் போயிருந்த இராஜம்மா, பிரிக்ஃபீல்ட்ஸ் இரயில்வே குவாட்டர்ஸில் இருக்கும் தன் வீட்டுக்குத் திரும்பியபோது வாசலிலேயே புதுப் பெயின்ட் வாசனை அடித்தது. ஹால் சுவர் வெளிர்பச்சையில் பளபளத்தது. கணவர் ரெங்கசாமி, செந்தூல் பட்டறையில் ஃபிட்டர் வேலை பார்ப்பவர், கையில் பிரஷ்ஷோடு பெருமையாக நின்றார்.

"நம்ம பொண்ணு ரமணியப் பாக்க மாப்பிள்ள வீட்டுல வர்றாங்கள்ல. வீடு பளிச்சுன்னு இருக்கணும்லா."

இராஜம்மா சுவரைப் பார்க்கவில்லை. ஹால் மூலையில் இருந்த அவளுடைய கண்ணாடித் தொட்டி காலியாக இருந்தது.

அந்தத் தொட்டிதான் அவளுடைய உலகம் என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் காதில் கருவியை மாட்டிக்கொண்டு நாள் முழுக்க ஊரார் குரலைக் கேட்டுக் கேட்டு உட்கார்ந்திருப்பவள். ஒருமுறை ஆபீஸ் ஆட்களோடு தியோமான் தீவுக்குப் போனாள். நீச்சல் தெரியாது. யாரோ கண்ணாடி முகமூடியைக் கொடுக்க, இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்து முகத்தை மட்டும் உள்ளே விட்டாள். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டபோதும் எழுந்து வர மனம் வரவில்லை. அவ்வளவு நிறம், அவ்வளவு நடமாட்டம், ஒரு சத்தம் கிடையாது. ஊர் திரும்பியதும் கிள்ளானில் அலங்கார மீன் கடை வைத்திருக்கும் விஜயனைத் தேடிப் போய், உப்புத்தண்ணீர்த் தொட்டி வைக்கக் கற்றுக்கொண்டாள். ஆரஞ்சும் வெள்ளையுமாய் ஒரு ஜோடிக் கோமாளி மீன். அடியில் குவியலாய்க் கற்கள். கடையில் அதற்கு லைவ் ராக் என்று பெயர். இராஜம்மா உயிர்க்கல் என்பாள். கடலுக்குள் கிடந்த கல். அதன் ஓட்டைகளில் கண்ணுக்குத் தெரிந்ததும் தெரியாததுமாய் எத்தனையோ உயிர்கள் குடியிருந்து, மீனின் கழிவைத் தின்று தண்ணீரைச் சுத்தமாக வைத்திருக்கும்.

"மீனெல்லாம் பத்திரம்," என்றார் ரெங்கசாமி அவசரமாக. "பழைய தண்ணியோட பிளாஸ்டிக் தோங் பீப்பாயில விட்டு, ஃபில்டரையும் அப்படியே மாட்டி வச்சிருக்கேன்."

"கல்லு?"

அவர் முகம் இன்னும் மலர்ந்தது. "பாசி புடிச்சுக் கெடந்துச்சு. நல்லா பைப்புத் தண்ணியில அலசி, வெயில்ல காயப் போட்டுட்டேன். பாரு, எப்படி வெள்ளையாயிருச்சு."

கொல்லைப்புறத் தகரக் கொட்டகையின் கூரைமேல் கற்கள் வரிசையாகக் கிடந்தன. இராஜம்மா ஒன்றை எடுத்தாள். காய்ந்த ரொட்டி போல எடையே இல்லாமல் இருந்தது. மூக்கருகே கொண்டுபோனாள். கருவாட்டு வாடை. கல்லை மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்ன ராஜம்? கல்லுதானே. திரும்பத் தண்ணியில போட்டா நனைஞ்சிரப் போவுது."

"நனையும். ஆனா இதுக்குள்ள இருந்ததெல்லாம் செத்துப்போச்சுங்க. இப்படியே தொட்டில போட்டா அத்தனையும் அழுகி அம்மோனியா ஆயிரும். ரெண்டு மீனும் மூச்சு முட்டிச் செத்துரும்."

ரெங்கசாமி கையிலிருந்த பிரஷ்ஷைக் கீழே வைத்தார். நல்லது செய்வதாக நினைத்துச் செய்த மனுஷனை என்னவென்று திட்டுவது? அவளுக்கு அழுகைதான் வந்தது, அதையும் விழுங்கிக்கொண்டாள்.

மறுநாள் ஒரு கல்லைப் பையில் போட்டுக்கொண்டு கிள்ளானுக்குப் பஸ் ஏறினாள். விஜயன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"தூக்கிப் போட்றாதீங்க அக்கா. வீடு காலியாயிருச்சு, அவ்வளவுதான். சுவரெல்லாம் நல்லாத்தான் இருக்கு. சுத்தம் பண்ணி மறுபடி ஆள் குடி வைக்கணும்."

"வருமா?"

"வரும். ஆனா அவசரப்பட்டா வராது. நல்லாத் தேய்ச்சு, தனியா உப்புத்தண்ணியில ஊறப் போடுங்க. அழுகுறதெல்லாம் அங்கேயே அழுகி முடியட்டும். அம்மோனியா துளியும் இல்லேன்னு தெரியற வரைக்கும் மீன் பக்கமே கொண்டு போகாதீங்க."

கிளம்பும்போது தன் தொட்டியிலிருந்து உள்ளங்கை அளவு உயிருள்ள கல் ஒன்றை எடுத்து, உப்புத்தண்ணீரில் நனைத்த பேப்பரில் சுற்றி, தெர்மோகோல் பெட்டியில் வைத்துக் கொடுத்தான். "அழுகல் அடங்கினப்புறம் இத உள்ள விடுங்க. இதுலேருந்து மத்ததுக்குப் பரவிரும்."

மீன்கள் மறுபடி கண்ணாடித் தொட்டிக்கு வந்தன; அந்தச் சின்னக் கல்லும் அவற்றோடு அங்கே காத்திருந்தது. கொல்லையில் வேலை தொடங்கியது. ரெங்கசாமி பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் ஒவ்வொரு ஓட்டையாகத் தேய்த்தார். குழாய்த் தண்ணீரின் குளோரினை மருந்து ஊற்றிப் போக்கி, அதில் கடல் உப்பைக் கரைத்து, பெரிய நீலத் தோங்கில் கற்களை அடுக்கி, தண்ணீர் சுழல ஒரு பம்பும் போட்டு மூடினார்கள். கொஞ்ச நாளில் நாற்றம் கிளம்பியது. பக்கத்து வீட்டிலிருந்து, "ராஜம்மா, என்ன தினமும் எறாப் பெலாச்சான் வறுக்கிற?" என்று குரல் வந்தது. ரெங்கசாமி தண்ணீரை மாற்றிக்கொண்டே இருந்தார். இராஜம்மா தோங்குத் தண்ணீரைச் சின்னக் குழாயில் எடுத்து மருந்துச் சொட்டு விட்டுப் பார்ப்பாள். மஞ்சளாக நின்றால் நல்லது. ஆனால் அம்மோனியா இன்னும் இருக்கிறதென்று கரும்பச்சையாக மாறும். மூடிவிட்டு வேலைக்குப் போவாள்.

பெண் பார்க்கிற நாளும் வந்தது. தொட்டியில் இரண்டு மீன், ஒரு துண்டுக் கல், ஒளிந்துகொள்ள ஒரு பிளாஸ்டிக் குழாய்.

"இன்னிக்கு ஒரு நாள் மட்டும் கல்ல உள்ள வச்சுக்கலாமா? பாக்க அழகா இருக்கும்," என்றார் ரெங்கசாமி.

"மாப்பிள்ள வீட்டு முன்னாடி மீன் செத்து மிதந்தா அழகா இருக்குமா?"

ரெங்கசாமி போய்த் தோங்கின் மூடியை இன்னும் இறுக்கி வைத்தார்.

மாப்பிள்ளை பாலன், அப்பா இராமலிங்கம், அம்மா சீதாலெட்சுமி மூவரும் கிள்ளானிலிருந்து வந்தார்கள். காப்பி குடித்துக்கொண்டிருந்த இராமலிங்கம் திடீரென்று மூக்கை உயர்த்தினார். ரமணி தலையைக் குனிந்துகொண்டாள். ரெங்கசாமிக்கு வியர்த்தது.

"இது போர்ட் வாசனையாச்சே," என்றார் இராமலிங்கம். "நான் கிள்ளான் துறைமுகத்துல கணக்குப் புள்ள. கப்பல் அடியச் சொரண்டும்போது இப்படித்தான் அடிக்கும். எங்கேருந்து வருது?"

மறைத்துப் பிரயோசனமில்லை என்று இராஜம்மா நடந்ததைச் சொன்னாள். அவர் கோப்பையை வைத்துவிட்டு எழுந்தார். "காட்டுங்க பாப்போம்."

இராஜம்மாவும் இராமலிங்கமும் பின்னால் போனார்கள். புருஷனைக் கூட்டிவரப் போன சீதாலெட்சுமியும் அங்கேயே நின்றுவிட்டார். சமாளிக்கப் போன ரெங்கசாமி தண்ணீர் மாற்ற ஆரம்பித்துவிட்டார். இராமலிங்கம் புதுச் சட்டையின் கையை மடித்துவிட்டு வாளி பிடித்தார். சொட்டு மருந்து நிறம் மாறுவதை நாலு பேரும் தலையை முட்டிக்கொண்டு பார்த்தார்கள். பச்சை அன்று வெளிறியிருந்தது.

ஹால் நினைவு வந்து இராஜம்மா ஓடிவந்தபோது, ரமணியும் பாலனும் மீன் தொட்டிக்கு முன்னால் நின்று ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பெரியவர்கள் யாரும் குறுக்கே இல்லாமல் அவ்வளவு நேரம் பேச இருவருக்கும் கிடைத்திருக்கிறது. அவள் சத்தம் காட்டாமல் கொல்லைக்கே திரும்பிப் போனாள். சாயங்காலம் கேட்டபோது, "எனக்குச் சம்மதம்மா. நாத்தம் அடிச்சும் எந்திரிச்சுப் போகலியே அவரு," என்றாள் ரமணி.

கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிக்கக் கொடுத்த வாரத்தில் சோதனைக் குழாயில் தோங்குத் தண்ணீர் மஞ்சளாகவே நின்றது. இராஜம்மா விஜயனின் கல்லைத் தோங்கில் விட்டாள். இன்னும் பல வாரம் பொறுத்தாள். நாற்றம் போய், மூடியைத் திறந்தால் சுத்தமான கடல் வாசனை வந்தது. அப்போதும் எல்லாவற்றையும் ஒரேயடியாகப் போடவில்லை. இரண்டிரண்டு கல்லாக உள்ளே வைத்து, தண்ணீரைச் சோதித்து, மீன் நன்றாக மூச்சு விடுகிறதா என்று பார்த்துப் பார்த்து அடுத்ததை வைத்தாள். கோமாளி மீன்கள் முதலில் விலகி நின்று முறைத்தன. பிறகு பெரிய மீன் ஒரு குகைக்குள் நுழைந்து, துணை வரும்வரை வாலால் மணலை வாரி வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. இராஜம்மா அன்று இரண்டு கையாலும் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

கல்யாணம் முடிந்து ரமணி கிள்ளானுக்குப் போன பிறகு, ஒரு நாள் எக்ஸ்சேஞ்சில் சூப்பர்வைசர் வந்து வீட்டிலிருந்து அவசரமாகப் பேசுகிறார்கள் என்றார். இராஜம்மா பதறிப்போய் எடுத்தாள்.

"ராஜம்," ரெங்கசாமி மூச்சு விடாமல் பேசினார். "அந்த வெள்ளக் கல்லுலேருந்து ஒரு குட்டி உயிரு வெளிய வந்திருக்கு. சின்னக் கொடை மாதிரி விரிஞ்சு ஆடுது. கல்லு மேலயும் அங்கங்க ஊதாப் பொட்டு. தொட்டா சடக்குன்னு கல்லுக்குள்ள போயிருது."

"தொட்டீங்களா?"



"ஒரே ஒரு தடவதான். மறுபடி விரியுதான்னு நாற்காலி போட்டு உக்காந்திருக்கேன்."