கேமராவின் மேல் ஒரு பட்டுத் துண்டு

கடை மடிக்கணினியின் கேமராக் கண்ணை ஒரு பட்டுத் துண்டு மூடியிருந்தது. அரக்கு நிறம், ஓரத்தில் ஒரே ஒரு ஜரிகை இழை. ஒட்டியவர் டிசைன் அக்கா. காஞ்சிபுரத்தில் கல்யாணச் சேலைகளுக்குக் கணினியில் பார்டர் வரைந்து தரும் கடை அது. கல்லூரி முடித்த சூட்டோடு, கணினிகளைப் பார்த்துக்கொள்ள நான் சேர்ந்திருந்தேன். "கேமராவை யாரும் ஆன் பண்ணலையேக்கா" என்று சிரித்தேன். "பண்ணலன்னு உனக்குத் தெரியும். எனக்குத் தெரியாதேபா" என்றார்.

தறியில் ஏற்றுவதற்கு முன் பெண்வீட்டார் கூட்டமாக வந்து அக்காவின் நாற்காலியைச் சுற்றி உட்கார்ந்துகொள்வார்கள். இணையத்தில் படங்களைப் பார்த்து, யாளியா அன்னமா என்று முடிவு செய்வார்கள். ஒரு நாள் மாம்பழ நிறச் சேலைக்குப் பக்கத்திலேயே பெங்களூரு பெண்கள் விடுதி விளம்பரம் வந்து நின்றது. பக்கம் மாற்றினால் அங்கும் விடுதி. "இன்னாம்மா, பொடவ எடுக்க வந்தா பொண்ண ஹாஸ்டல்ல சேத்துடுவீங்க போலக்குது" என்றார் பெண்ணின் அத்தை. எல்லோரும் சிரித்தார்கள், முதலாளி சிரிக்கவில்லை. அவர் அக்காவின் தாய்மாமன். அக்கா தங்கியிருந்ததும் அவர் வீட்டில்தான். முன்பு சென்னையில் அக்காவுக்கு ஒரு வேலை கிடைத்தபோது, அந்த நிறுவனத்துக்கே போன் போட்டு "பொண்ணு வராது" என்று சொல்லி முடித்துவைத்தவர்.

அந்தக் கணினியில் தேடியதைப் பார்த்துத் துரத்தி வரும் விளம்பரம் அது. "அது எல்லாருக்கும் வர்ற விளம்பரம் சார்" என்று பொய் சொன்னேன். அன்று மாலையே உலாவியை மாற்றினேன். புதிய உலாவி ஆளைப் பின்தொடராது. மூடியதும் பார்த்ததையெல்லாம் மறந்துவிடும். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆர்வக்கோளாறில் இயங்குதளத்தையே மாற்றப்போய், பார்டர் வரையும் மென்பொருள் திறக்கவே இல்லை. மறுநாள் பெண்வீட்டார் காத்திருக்க, முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். கடைசியில் ஒரே கணினியில் இரண்டு இயங்குதளங்களும் இருந்தன: பார்டருக்குப் பழசு, அக்காவுக்குப் புதுசு.

பெருமையோடு விளக்கினேன். அக்கா கேட்டுக்கொண்டார். "எங்கியோ இருக்கறவன் பாக்காம செஞ்சிட்ட. பின்னாடி வந்து நிக்கறவர இன்னா பண்ணுவ?" என்றபடி மேசையைத் திருப்பி, நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டார்.

ஆடி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை அக்கா வரவில்லை. "எந்த ஊருக்குப் போச்சுன்னு இதுல பாத்து சொல்லுபா. நீதான பெரிய கெட்டிக்காரன்" என்று மடிக்கணினியை என் பக்கம் தள்ளினார் முதலாளி. திறந்தேன். பார்த்த பக்கங்களின் பட்டியலில் ஒரு வரிகூட இல்லை. "ஒண்ணும் இல்ல சார்" என்றேன். இந்த முறை அது பொய்யில்லை. என்னிடமாவது சொல்லியிருக்கலாமே என்று உள்ளே சுருக்கென்றது. இரண்டு நாள் கழித்து அக்கா தன் அம்மாவுக்குப் போன் செய்து, வேலையில் சேர்ந்துவிட்டதாகச் சொன்னாராம். ஊர்ப் பெயரை மட்டும் சொல்லவில்லை.

கடை வேலையை விட்டு வரும்போது அந்தத் துண்டைப் பெயர்த்து எடுத்துவந்தேன். இப்போது என் கணினியில் இருக்கிறது. சில நாள் தேடல் பெட்டியில் அக்காவின் பெயரைப் பாதி தட்டியிருப்பேன். நிமிர்ந்தால் அரக்கு நிறம். தட்டிய எழுத்துகளை ஒவ்வொன்றாக அழித்துவிடுவேன்.