எந்த நாளை வைப்பது

1939 மார்ச்சில் டர்பனில் இங்கிலாந்தும் தென்னாப்பிரிக்காவும் ஆடிய டெஸ்ட் மாட்சுக்கு நாள் வரையறை கிடையாது. ஒரு கட்சி ஜெயிக்கும் வரை ஆடுவது என்று ஏற்பாடு. அரிமளத்தில் அக்கா வீட்டில் உட்கார்ந்து நானும் அத்தானும் அதைப் பத்திரிகையில் தொடர்ந்து படித்தோம். புதுக்கோட்டையிலிருந்து வரும் பஸ்ஸில்தான் பத்திரிகை வரும். பஸ் ஹாரன் கேட்டதும் அத்தான் சட்டை போடாமலே கிளம்பிவிடுவார். ரங்கூன் கடையில் ஒரு தவணை முடித்து ஊர் வந்திருந்தார். மாதக் கடைசியில் மறுபடி கப்பல். போனால் மூன்று வருஷம்.

தென்னாப்பிரிக்கா முதல் இன்னிங்ஸை மூன்றாம் நாள் வரை இழுத்தது. அத்தானுக்குப் பொறுக்கவில்லை.

"பாருங்க மச்சான், அடிக்காம கட்டை போட்டுக்கிட்டே கெடக்கான். நாள்தான் எம்புட்டும் இருக்கேன்னு மெதப்பு."

பத்து நாள் ஆடினார்கள். இடையில் ஒரு நாள் மழையில் போயிற்று. கடைசி நாளும் மழை வந்தபோது இங்கிலாந்துக்கு வேண்டியது நாற்பத்திரண்டு ரன். கையில் ஐந்து விக்கெட். ஆனால் ஊருக்குத் திரும்பும் கப்பலைப் பிடிக்க அவர்கள் அன்றே ரயிலேற வேண்டும். ஆட்டத்தை அப்படியே விட்டுவிட்டார்கள்.

அரிசி புடைத்துக்கொண்டிருந்த அக்கா கேட்டாள்: "யாரு செயிச்சா?"

"டிரா."

"அது எந்த ஊர்க்காரன்?"

அத்தானுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "யாருமே செயிக்கலைன்னு அர்த்தம். கப்பலுக்கு நேரமாச்சாம், போய்ட்டாங்க."

"அந்தக் கப்பலை விட்டா வேற கப்பலே கெடையாதாக்கும்? ஒரு நாள் இருந்து ஆடிட்டுப் போறது."

அத்தானின் சிரிப்பு நின்றது. அவள் எந்தக் கப்பலைச் சொல்கிறாள் என்று எங்கள் இருவருக்கும் தெரிந்தது. "டிக்கெட் எடுத்தாச்சுல்ல" என்றார், பத்திரிகையை மடித்தபடி. சொன்ன நாளில் கிளம்பினார்.

1941 மார்கழியில் ரங்கூனில் குண்டு விழுந்தது. அதற்குச் சற்று முன் எழுதிய கடிதமே கடைசி. மறு வருஷம், பர்மாவிலிருந்து காட்டு வழியே அவரோடு நடந்து தப்பி வந்த கூட்டத்தில் ஒருவர் மட்டும் ஊர் சேர்ந்து எங்களைத் தேடி வந்தார். "காய்ச்சல்ல நடக்க மாட்டாம ஒரு புத்த மடத்துல படுத்துட்டாக. நீங்க முன்னாடி போங்க, ரெண்டு நாள்ல வந்து சேந்துக்கிறேன்னாக" என்றார். அதற்கு மேல் அவருக்குத் தெரியவில்லை. யாருக்குமே தெரியவில்லை. அக்கா பொட்டும் பூவுமாக இருந்தாள். நல்லது கெட்டதுக்குப் போவதை மட்டும் நிறுத்திக்கொண்டாள். குங்குமத் தட்டை நீட்டுகிறவர்கள் தன் முன்னால் வரும்போது தயங்குகிறார்கள் என்றாள்.

1949 பிப்ரவரியில் பம்பாய் டெஸ்டில் இந்தியா ஆறே ரன் குறைவில் நின்றுபோயிற்று. ஓவரை முடிக்க விடாமலே அம்பயர் நேரம் ஆகிவிட்டது என்று சொல்லிவிட்டாராம். பஸ் நிறுத்தத்தில் அதுதான் பேச்சு. முதல் நாள் வீணடித்த நேரம், வேண்டுமென்றே தூரத்தில் போட்ட பந்து என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். எனக்கு அதில் மனம் ஒட்டவில்லை. அந்த வாரம்தான் அத்தானின் பங்காளிகள் அக்கா வீட்டுக்கு வந்திருந்தார்கள்.

"ஏழு வருசமாச்சு ஆத்தா," என்றார் அவர்களில் மூத்தவர். "தர்ப்பையில ஆள் செஞ்சு கொள்ளி வச்சிருவோம். அந்த ஆத்மாவும் எம்புட்டு நாளைக்கு அலையும்?"

கதவுக்குப் பின்னால் நின்ற அக்கா, "செய்யுங்க" என்றாள்.

அடுத்து, வருஷா வருஷம் திதி கொடுக்க ஒரு நாள் வேண்டுமே என்று பேச்சு வந்தது. மூத்தவர் என் பக்கம் திரும்பினார். "தம்பிதான் எல்லாத்துக்கும் தேதி வச்சிருக்கவுக. சொல்லுங்க."

நான் வாயைத் திறக்குமுன் அவரே சொன்னார்: "நாள் தெரியாதவுகளுக்கு ஊரைவிட்டுக் கெளம்புன நாளை வைக்கிறதுதான் வழக்கம்."

"அன்னைக்கு வேணாம்," என்றாள் அக்கா. "அன்னைக்கு நல்லாத்தான் போனாக. நாந்தான் கட்டுச்சோறு கட்டிக் குடுத்தேன்."

"அப்ப அந்த மடத்துல படுத்த நாளு?"

"அன்னைக்குப் பேசிக்கிட்டுத்தான இருந்தாக. பாத்தவுகளே வந்து சொன்னாகல்ல."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அத்தானின் பிறந்த நாள், கல்யாண நாள், கப்பலேறிய நாள், கடைசிக் கடிதத்தின் நாள் எல்லாம் எனக்கு மனப்பாடம். எனக்குத் தெரிந்த தேதி ஒவ்வொன்றிலும் அவர் உயிரோடு இருந்தார்.

வருகிற மாசி அமாவாசையில் கொள்ளி வைப்பது, அதையே திதியாக வைத்துக்கொள்வது என்று முடிவாயிற்று. எழுந்து துண்டை உதறியவர்களை அக்கா நிறுத்தினாள்.

"அமாவாசை வரைக்கும் நான் பூ வச்சுக்கலாமா?"

மூத்தவர் அவளைப் பார்க்காமல், "வச்சுக்க ஆத்தா" என்றார்.

அமாவாசை வரை தினமும் காலையில் நான்தான் கடைக்குப் போய் பூ வாங்கி வந்தேன். அவள் கேட்டதைவிட ஒரு முழம் கூடவே.