டிவிக்குப் போட்ட பூட்டு

படம் தெரியவில்லை என்று கேபிள்காரனான என்னிடம் சண்டைக்கு வருகிறவர்கள் தினம் பத்துப் பேர். படம் தெரிகிறதே என்று அழுதுகொண்டு வந்தவர் மாரியம்மாள் ஒருவர்தான். பிள்ளை வைத்திருக்கிற உங்களுக்கு அந்த அழுகை புரியும்.

நாலு நம்பர்

மாரியம்மாள் கோவில்பட்டியில் எங்கள் லைனில் இருக்கிறார். வீட்டிலேயே தீப்பெட்டிக் கட்டுக்குத் தாள் ஒட்டுகிறவர். பக்கத்து வீட்டுப் பெண்கள் மூன்று பேரும் வந்து கூட உட்கார்ந்து ஒட்டுவார்கள். சாயங்காலமானால் கொலைகளை நடித்துக் காட்டும் நிகழ்ச்சி ஓடும். ரத்தம், அலறல், படுக்கையறை, ஒன்றும் பாக்கி கிடையாது. அதைப் பார்த்துப் பார்த்து ஏழு வயசு மகள் பவானி கக்கூசுக்குத் தனியாகப் போகப் பயந்து, பள்ளிக்கூடத்தில் பாவாடையை நனைத்துவிட்டாள். அந்தச் சேனலுக்கு நாலு நம்பரில் பூட்டுப் போட்டு, நம்பரைத் தாயாரிடம் மட்டும் சொன்னேன். நாலு நாள் கழித்துப் போனால் அதே நிகழ்ச்சி ஓடுகிறது, ரிமோட் பவானி கையில். என்னக்கா இது என்றேன்.

"இவிய எல்லாம் பாக்கணும்லா அண்ணாச்சி. எங்க கையெல்லாம் பசை. ரிமோட்டை எப்பவும் அவதான அமுக்குதா, நம்பரை அவகிட்டயே சொல்லிட்டேன்."

ஓரத்து எழுத்து

சேனலுக்கே போன் போட்டேன். பிள்ளைகள் முழித்திருக்கிற நேரத்தில் இதைப் போடலாமா என்றேன். எடுத்தவர் ரொம்ப மரியாதை. பெரியவர்களுக்கு மட்டும் என்று திரையின் ஓரத்தில் எழுத்துப் போடுகிறார்களாம், பெற்றோர் வாசித்துப் பார்க்க வேண்டுமாம். தாயாருக்கு வாசிக்கத் தெரியாது, அந்த வீட்டில் எழுத்துக் கூட்டத் தெரிந்தது அந்தப் பிள்ளைக்குத்தான் என்றேன்.

"அப்ப அந்தப் பாப்பாவையே வாசிச்சுச் சொல்லச் சொல்லுங்க சார்."

எடுத்துவிட்டேன்

ஆத்திரத்தில் அவர்கள் வீட்டுக்கு அந்தச் சேனலையே நிறுத்தினேன். பெரிய காரியம் செய்துவிட்டதாக நினைப்பு வேறு. நிகழ்ச்சி இல்லையென்றதும் மூன்று பெண்களும் வேறு வீட்டுக்குப் போய் ஒட்டினார்கள். ஒற்றை ஆளாக ஒட்டி முடியாமல் மாரியம்மாள் தீப்பெட்டிக் கம்பெனிக்கே வேலைக்குப் போனார், திரும்பி வர இருட்டிவிடும். அதுவரை வீட்டில் பவானி தனி. ஒரு நாள் இரண்டு பேரும் ஆபீசுக்கு வந்தார்கள். சேனலைத் திரும்பக் கேட்டு மாரியம்மாள் அழுதார். உனக்குப் பயமில்லையா தாயி என்று பவானியிடம் கேட்டேன்.

"போட்டுவிடுங்க மாமா. அத்தையெல்லாம் வருவாவ, அம்மையும் வீட்ல இருப்பா. நான் கண்ணை மூடிக்கிடுதேன்."

போட்டுவிட்டேன். சேனல்காரர், தாயார், நான் என்று மூன்று பெரியவர்கள் சேர்ந்து அந்தப் பிள்ளைக்குச் செய்துகொடுத்த பாதுகாப்பு இவ்வளவுதான்.