பேர் எழுதுகிற வேகம்

ஸ்ரீவராகம் தெருவில் மணி சார் என்றால்தான் தெரியும். வெங்கடசுப்ரமணியன் என்ற முழுப்பெயர் அவர் ஓய்வு பெற்றபோது ஆபீஸோடு நின்றுபோயிற்று. மகள் பிரசவத்துக்கு டொரான்டோ போன மனைவி சூடாமணி இன்னும் திரும்பவில்லை. பிறந்த குழந்தை தவழ்ந்து, நின்று, இப்போது ஓடவும் செய்கிறது. வீட்டில் மணி சாரும் பிரிட்ஜ் உறுமும் சத்தமும்தான்.

அந்தச் சமயத்தில்தான் போனில் ஒரு விளம்பரம் வந்தது. மேஜைமேல் வைக்கும் சின்ன லேசர் மெஷின், ஐந்து வாட். மரத்தை வெண்ணெயாக வெட்டும் என்று காட்டினார்கள். நவராத்திரி வந்துகொண்டிருந்தது. வைத்துப் பழகிய கொலுவை விடக்கூடாது என்று வெளியே சொல்லிக்கொண்டார். கொலு வைத்தால் நாலு பேர் வருவார்கள் என்பதுதான் உள்ளே இருந்த ஆசை. பிளைவுட்டில் கிளி, யானை, தேர் என்று வெட்டிப் படியில் நிறுத்தினால் தெருவே திரண்டு வரும் என்று நம்பினார்.

மெஷின் வெட்டவில்லை. ஒரே கோட்டின்மேல் திரும்பத் திரும்ப ஓடவிட்டாலும், பிளைவுட்டுக்குள் இருக்கும் பசையில் முட்டிக்கொண்டு நின்றது. ஓரமெல்லாம் கரி, வீடெல்லாம் புகை. தேக்குத் துண்டை வைத்தால் அது லேசாகக் கறுத்ததோடு சரி. விளம்பரக்காரனை மனசாரத் திட்டினார். ஆனால் எழுதச் சொன்னால் மட்டும் அந்தச் சனியன் அத்தனை அழகாக எழுதியது. எழுத்து முறுகல் தோசை நிறத்தில் வந்தது.

வெட்டாவிட்டால் போகட்டும் என்று, ஆரியசாலைக் கடைத்தெருவில் உள்ளங்கை அகல மரத் தட்டுகள் வாங்கிவந்து, வழக்கமாகக் கொலுவுக்கு வரும் மாமிகள் ஒவ்வொருவர் பேரையும் எழுதினார். வெற்றிலை பாக்கோடு அதையும் கொடுக்கலாம். தன் பேர் போட்ட தட்டு காத்திருக்கிறதென்றால் யாராவது வராமல் இருப்பார்களா?

இருந்தார்கள். கொலுவுக்கு அழைப்பது குங்குமச் சிமிழோடு பெண்கள் வீடு வீடாகப் போய்ச் செய்கிற காரியம். மணி சார் வாட்ஸ்அப்பில் அழைத்தார். கும்பிடும் கைகள் வந்தன, கட்டைவிரல்கள் வந்தன, மாமிகள் வரவில்லை. எதிர்வீட்டு விஜயலக்ஷ்மிதான் வாசலில் பார்த்தபோது உள்ளதைச் சொன்னாள்.

"தப்பா நெனைச்சுக்காதீங்கோ மாமா. புருஷா மட்டும் இருக்கற ஆத்துல யாரு குங்குமம் குடுப்பா? மாமி வரட்டும், வரோம்."

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பட்டுப்புடவைகள் அவர் வாசலைத் தாண்டி அடுத்த வீட்டுக்குப் போயின. செய்து வைத்த சுண்டல் ஆறிக்கொண்டிருந்தது. அழுகை வருகிற மாதிரி இருந்தது. அதை ஒப்புக்கொள்ளாமல் மெஷினைத் தட்டிவிட்டு மறுபடியும் ஒரு கிளியை வெட்டப் பார்த்தார். ஜன்னல் வழியாகப் புகை கிளம்பிற்று.

"சாரே! தீ பிடிச்சுட்டா?"

வாளித் தண்ணீரோடு ஓடிவந்தவள் தாசம்மாள். மார்த்தாண்டத்துக்காரி, எதிர்வீட்டில் வேலை முடித்துப் பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவள்.

"தீயெல்லாம் இல்லை. லேசர். வாங்கோ, உக்காருங்கோ." அவளை வா, போ என்றே கூப்பிட்டுப் பழகிய வாயில் அந்த மரியாதை எப்படி வந்ததென்று அவருக்கே தெரியவில்லை.

வாளியை இறக்கிவிட்டு அவள் கொலுவைப் பார்த்தாள். "எவ்வளவு பொம்ம! இம்புட்டையும் சாரு ஒத்தையிலயா அடுக்குனீங்க?"

அதுவரை அதை யாரும் கேட்கவில்லை. மணி சார் அவசரமாகச் சுண்டலை எடுத்துவந்து கொடுத்தார். அவள் தின்றுகொண்டே தட்டுகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள்.

"எனக்க பேரு மட்டும் இல்லியே," என்று விளையாட்டாகத்தான் சொன்னாள்.

"இப்பவே எழுதித் தரேன். ஒரு நிமிஷம்."

வெறும் தட்டு ஒன்றை வைத்து, பேரை அடித்தார். லேசர் வெளிச்சம் கண்ணில் படாமலிருக்கப் போடும் ஒரே ஆரஞ்சுக் கண்ணாடியை அவளுக்குக் கொடுத்துவிட்டு, வெளிச்சத்தைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதற்குமுன் கை ஒரு வேலை செய்தது. வேகத்தைப் பாதியாக்கி, அதையும் பாதியாக்கியது. எழுத்து கருகிப்போகாமல் இருக்க வெளிச்சத்தின் பலத்தையும் குறைத்தது. மெதுவாக எழுதினால் அவள் மெதுவாகத்தானே போவாள்.

நீலப் புள்ளி எறும்பாக ஊர்ந்தது. மணி சார் டொரான்டோ பனியைப் பற்றிச் சொன்னார். தாசம்மாள் பஸ் நெரிசலைப் பற்றியும், பேரனின் குறும்பைப் பற்றியும் சொன்னாள். நடுவில் இருவரும் சிரித்தார்கள். அந்தக் கூடத்தில் இரண்டு குரல்கள் கேட்டு எத்தனை காலமாயிற்று!

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். "இன்னும் ஒத்திரி நேரம் ஆகுமா சாரே?"

"இல்லை இல்லை, ஆச்சு." பாதிகூட ஆகவில்லை.

இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு எழுந்தாள். கண்ணாடியைக் கழற்றி வைத்தாள். "பஸ்ஸு போயிரும். பொறவு வாங்கிக்கிடுதேன். சுண்டலு நல்லா இருந்து."

"கடைசி எழுத்துதான்…"

"பொறவு சாரே." வாளியை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

மெஷின் நின்றபோது தட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்கு விரைந்தார். தெருவில் பட்டுப்புடவைகள்தான் இருந்தன. வழக்கமான வேகத்தில் விட்டிருந்தால், அவள் தன் பேரைத் தடவிப் பார்த்துப் பையில் போட்டுக்கொண்டு போயிருப்பாள். இன்னும் கொஞ்ச நேரம் இருங்கோ என்று வாயால் கேட்டிருந்தால், ஒருவேளை இருந்துமிருப்பாள்.